டி.என்.ஏ லைப்ரரி: பீட் சுத்திகரிப்பிலிருந்து சமமான பூல் வரை

சீக்வென்சரின் (டி.என்.ஏ வரிசையை வாசிக்கும் இயந்திரம்) ஒரே ஓட்டத்தில் 96 மாதிரிகள். முடிவைத் திறந்தால் ஒரு மாதிரிக்கு ரீடுகள் (வாசிக்கப்பட்ட வரிசைகள்) கொட்டிக் கிடக்கின்றன, பக்கத்து மாதிரி பட்டினி. பழி வழக்கமாக நார்மலைசேஷன் (எல்லா மாதிரியையும் ஒரே செறிவுக்குக் கொண்டுவருவது) கணக்கின் மேல்தான் விழும். எக்செல் தாளைப் பத்துமுறை சரிபார்ப்பார்கள். தாள் சரியாகவே இருக்கும். அதில் போட்ட செறிவு எண்தான் பொய்யாக இருந்திருக்கும், அந்தப் பொய் பிறந்த இடம் இரண்டு படி முன்னால் நடந்த பீட் சுத்திகரிப்பு. அதனால் சுத்தம் செய்வதையும் சமன்படுத்துவதையும் தனித்தனி வேலையாக எண்ணாமல் ஒரே வேலையாகவே இங்கே பார்க்கிறோம். சொல்வதெல்லாம் இல்லுமினா வகை லைப்ரரிகளுக்கு (வாசிக்கத் தயாரான டி.என்.ஏ துண்டுகளின் தொகுப்பு), அதாவது துண்டின் ஒரு முனையில் பி5, மறுமுனையில் பி7 அடாப்டர் (இயந்திரம் பிடித்துக்கொள்ளும் குட்டை வரிசை) கொண்டவற்றுக்கு.

விகிதம்தான் எல்லாம்

ஸ்ப்ரி பீட் என்று அழைக்கப்படும் காந்த மணிகளின் மேல் கார்பாக்சில் பூச்சு இருக்கிறது. இந்த முறை 1995இல் வெளியானது. ஆம்ப்யூர் எக்ஸ்பி போன்ற இன்றைய தயாரிப்புகள் எல்லாம் அதே கொள்கையில்தான் ஓடுகின்றன. மணிகள் மிதக்கும் திரவத்தில் பாலிஎத்திலீன் கிளைக்காலும் (சுருக்கமாகப் பெக்) நிறைய உப்பும் இருக்கின்றன. இவை இரண்டும் சேர்ந்து டி.என்.ஏவைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளி மணியின் மேல் ஒட்டவைக்கின்றன. நீளமான துண்டு குறைந்த பெக்கிலேயே ஒட்டிவிடும். குட்டைத் துண்டுக்கு அதிகப் பெக் தேவை. ஆக, மாதிரியின் அளவுக்கு எத்தனை மடங்கு பீட் ஊற்றுகிறோம் என்பதே எந்த நீளத்துக்கு மேல் தங்கும், எது கழுவிப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது.

தோராயக் கணக்கு இது: 1.8 மடங்கு போட்டால் 100 பேஸ் ஜோடிக்கு மேல் ஏறக்குறைய எல்லாம் தங்கும். 1 மடங்கில் எல்லை 200 பக்கம் நகரும். 0.8 மடங்கில் இன்னும் மேலே, 250 அளவில். 0.6 மடங்குக்கு இறங்கினால் 400, 500க்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் போய்விடும். இந்த எல்லைகளைச் சுவர் என்று எண்ண வேண்டாம், சரிவு என்று எண்ணுங்கள். 0.8 மடங்கில் 200 பேஸ் துண்டு கொஞ்சம் தங்கும், 300 பேஸ் துண்டு கொஞ்சம் போகும். தயாரிப்புக்குத் தயாரிப்பு எல்லை மாறும். புதிய பாட்டில் திறந்ததும் 50 அல்லது 100 பேஸ் இடைவெளி கொண்ட ஒரு டி.என்.ஏ லேடரை 0.6, 0.8, 1.0, 1.8 மடங்குகளில் ஓட்டிப் பார்த்துவிட்டால், அந்தப் பாட்டில் முடியும்வரை ஊகம் தேவையில்லை.

விகிதம் தவறிப்போகும் வழிகள் பல. அவற்றில் மூன்று அடிக்கடி வரும்.

முதலாவது, பி.சி.ஆர் இயந்திரத்தில் ஆவியாதல். 50 மைக்ரோலிட்டர் வைத்தது 46 ஆக வெளியே வரும். 40 மைக்ரோலிட்டர் பீட் ஊற்றினால் நீங்கள் நினைத்தது 0.8, நடந்தது 0.87. தட்டின் ஓரக் குழிகளில் இது அதிகம். பைப்பெட்டால் அளந்து, தண்ணீரோ எல்யூஷன் பஃபரோ (மணியிலிருந்து டி.என்.ஏவை இறக்கும் கரைசல்) சேர்த்து எல்லாவற்றையும் 50க்குக் கொண்டுவந்த பிறகே பீட்.

இரண்டாவது, பீட் திரவத்தின் பிசுபிசுப்பு. டிப்பை ஆழமாக முக்கினால் வெளிப்புறத்தில் ஒட்டும் துளியும் குழிக்குள் இறங்கும், விகிதம் ஏறிவிடும். டிப்பின் நுனியை மட்டும் முக்கி, மெதுவாக இழுத்து, ஒரு விநாடி பொறுத்து எடுங்கள். குழியில் விடும்போதும் மெதுவாகத்தான்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. பல லைகேஷன் (அடாப்டரை ஒட்டும் வினை) கலவைகளில் ஏற்கெனவே பெக் இருக்கிறது. லைகேஷன் முடிந்த கையோடு 0.8 மடங்கு பீட் போட்டால் மொத்தப் பெக் கூடிவிடும், நடப்பது 0.8ஐ விட அதிகமான விகிதத்தின் வேலை. அடாப்டர் டைமர் (ஒன்றோடொன்று ஒட்டிய வெற்று அடாப்டர்கள்) ஒட்டிக்கொண்டே வரும். லைகேஷனுக்குப் பின் இரண்டு முறை சுத்தம் செய்யச் சொல்லும் கிட்டுகள் இதனால்தான் அப்படிச் சொல்கின்றன. இரண்டாவது முறையில் மாதிரி வெறும் பஃபரில் இருப்பதால் விகிதம் சொன்னபடி கேட்கும்.

சுத்திகரிப்பு, கையோடு

பீட் பாட்டிலை 4 டிகிரியிலிருந்து எடுத்து அறை வெப்பத்தில் 30 நிமிடம் வையுங்கள். உறைய விடவே கூடாது. ஒருமுறை உறைந்துபோன பாட்டிலை நம்ப வேண்டாம். அடியில் மணி எதுவும் படிந்திராத அளவுக்கு வோர்டெக்ஸ் செய்து, ஒரே பழுப்பு நிறமான பிறகு எடுங்கள். நிறைய மாதிரிகள் இருந்தால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மறுபடி கலக்கவும். இல்லாவிட்டால் கடைசி வரிசைக்கு மணி குறைந்து போகும்.

எத்தனால் 80 சதவீதம், அன்றைக்கே கலந்தது. 40 மில்லி எத்தனாலையும் 10 மில்லி தண்ணீரையும் தனித்தனியே அளந்து சேர்க்கவும். திறந்து வைத்த எத்தனாலில் ஆல்கஹால் ஆவியாகித் தண்ணீரின் பங்கு ஏறும். தண்ணீர் ஏறினால் கழுவும்போதே டி.என்.ஏ மணியை விட்டு இறங்கிப்போகும். விளைச்சல் காரணமில்லாமல் குறைந்தால் பீட்டைச் சந்தேகிக்கும் முன் எத்தனால் புட்டியின் தேதியைப் பாருங்கள்.

50 மைக்ரோலிட்டர் மாதிரிக்கு 0.9 மடங்கு என்றால் 45 மைக்ரோலிட்டர் பீட். பத்துமுறை பைப்பெட்டால் மேலும் கீழும் இழுத்துக் கலக்கி, 5 நிமிடம் அறை வெப்பத்தில் விடுங்கள். காந்த ஸ்டாண்டில் திரவம் கண்ணாடிபோல் தெளியும்வரை வைக்கவும். 2 நிமிடம் போதும் என்று நெறிமுறை சொன்னாலும் 5 ஆனால் 5. தெளிந்த திரவத்தை எடுங்கள், ஆனால் உடனே கொட்ட வேண்டாம். எல்லா மாதிரியின் செறிவும் கையில் வரும்வரை ஒரு தட்டில் பத்திரமாக இருக்கட்டும். பீட் போட மறந்த குழியையும் விகிதம் தவறிய குழியையும் அதிலிருந்து மீட்கலாம்.

டியூப் காந்தத்திலேயே இருக்க, மணிகளைக் கலைக்காமல் 200 மைக்ரோலிட்டர் எத்தனாலை எதிர்ச்சுவரில் விட்டு, 30 விநாடி கழித்து எடுக்கவும். இன்னொரு முறை அதேபோல். பிறகு லேசாகச் சுழற்றி, காந்தத்தில் திருப்பி வைத்து, அடியில் தேங்கியதை 10 மைக்ரோலிட்டர் டிப்பால் உறிஞ்சுங்கள். உலர்த்தும் நேரத்தை இந்த ஒரு செயல் பாதியாக்கும்.

உலர்த்துவதில்தான் கைப்பக்குவம். ஈரமாக மின்னும் மணிக்குவியல் மங்கிப் பளபளப்பு போனதும் நிறுத்த வேண்டும். 2 முதல் 5 நிமிடம் ஆகும், அறையின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. குவியலில் வெடிப்பு விழுந்துவிட்டால் எல்லை கடந்தாயிற்று: டி.என்.ஏ, அதிலும் நீளமானது, எளிதில் இறங்காது. அவசரப்பட்டு ஈரத்தோடு எல்யூட் செய்தால் எத்தனால் கூடவே வந்து அடுத்த என்சைமைக் கெடுக்கும். வெடித்த குவியலை முழுதாக இழந்ததாக எண்ண வேண்டாம். பஃபர் ஊற்றி 37 டிகிரியில் 10 நிமிடம் வைத்தால் பெரும்பகுதி திரும்ப வரும்.

எல்யூட் செய்ய 10 மில்லிமோலார் ட்ரிஸ், பி.எச் 8.0 முதல் 8.5. வெறும் தண்ணீர் வேண்டாம், தண்ணீரின் அமிலத்தன்மையில் டி.என்.ஏ நாளடைவில் சிதையும். 32 மைக்ரோலிட்டர் ஊற்றி 30 மட்டும் எடுங்கள். கடைசி 2 மைக்ரோலிட்டருக்கு ஆசைப்பட்டால் மணிகளும் கூடவே ஏறிவரும்.

இருபக்கத் தேர்வு

மிக நீளமானதையும் மிகக் குட்டையானதையும் ஒருசேர நீக்க, பீட்டை இரண்டு தவணையில் போடுவார்கள். 50 மைக்ரோலிட்டர் மாதிரியில் முதலில் 0.6 மடங்கு, அதாவது 30 மைக்ரோலிட்டர். நீளமானவை மணியில் ஒட்டும், நமக்கு வேண்டியது மேலே தெளிந்த திரவத்தில் நிற்கும். அந்த 80 மைக்ரோலிட்டரைப் புதிய டியூபுக்கு மாற்றி இன்னும் 0.2 மடங்கு. இந்த 0.2 எதன் மடங்கு? தொடக்கத்தில் இருந்த 50இன் மடங்கு. ஆக 10 மைக்ரோலிட்டர். மொத்தம் 40, விகிதம் 0.8. பலர் 80ஐ 0.2ஆல் பெருக்கி 16 ஊற்றிவிடுகிறார்கள். மொத்த விகிதம் 0.92 ஆகி, தள்ள நினைத்த குட்டைத் துண்டுகள் உள்ளே நிற்கும். கூடவே இன்னொரு விபத்தும் உண்டு: முதல் படியில் எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பது வழக்கத்துக்கு நேர்மாறு. பழக்கதோஷத்தில் தெளிந்த திரவத்தைக் கொட்டியவர்கள் எந்த ஆய்வகத்திலும் உண்டு. டியூபின் மூடியில் "வைத்துக்கொள்" என்று எழுதிவிடுங்கள்.

ஜெல்லிலிருந்து வெட்டி எடுப்பது துல்லியமான நீளம் தரும், விளைச்சலைத் தின்னும். வெட்டிய துண்டை 50 டிகிரியில் கரைக்கச் சொல்லும் நெறிமுறையைப் பின்பற்றினால் ஏ-டி மிகுந்த துண்டுகள் இழைபிரிந்து குறைந்துபோகும். அறை வெப்பத்தில், நேரமெடுத்தாலும், கரைத்துக்கொள்வது நல்லது. சிலிக்கா காலம் (column, டி.என்.ஏவைப் பிடிக்கும் வடிகுழல்) என்சைமையும் உப்பையும் நீக்கும், அடாப்டர் டைமரை நம்பிக்கையாக நீக்காது. அதனால் லைப்ரரியின் கடைசிச் சுத்திகரிப்பாக அதை வைக்காதீர்கள்.

அடாப்டர் டைமர் ஏன் இவ்வளவு தொல்லை

இடையில் இன்சர்ட் (நாம் வாசிக்க விரும்பும் டி.என்.ஏ) எதுவும் இல்லாமல் இரண்டு அடாப்டர்கள் நேராக ஒட்டிக்கொண்டதுதான் டைமர். 120 முதல் 150 பேஸ் அளவில் ஒரு கூரான முகடாக, துண்டின் நீளத்தை அளக்கும் பயோஅனலைசரிலோ டேப்ஸ்டேஷனிலோ தெரியும். படத்தில் சின்னதாகத் தெரிவதால் ஏமாற வேண்டாம். எடைக் கணக்கில் 3 சதவீதம் டைமர், நீளம் 125. மீதி 97 சதவீதம் லைப்ரரி, சராசரி 420. 3ஐ 125ஆல் வகுத்தால் 0.024. 97ஐ 420ஆல் வகுத்தால் 0.231. மூலக்கூறுகளின் எண்ணிக்கையில் டைமரின் பங்கு 9 சதவீதத்தைத் தாண்டுகிறது. குட்டை மூலக்கூறு ஃப்ளோ செல்லில் (வாசிப்பு நடக்கும் கண்ணாடித் தகடு) சுலபமாகக் கிளஸ்டர் (ஒரே மூலக்கூறின் நகல்கள் சேர்ந்த கொத்து) ஆவதால் ரீடுகளில் அதன் பங்கு இன்னும் ஏறும். வரிசைக்குழிகள் கொண்ட ஃப்ளோ செல்களுக்கு டைமர் 0.5 சதவீதத்துக்குள்ளும், பழைய வகைகளுக்கு 5 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது இல்லுமினாவின் பரிந்துரை.

மிஞ்சிய தனி அடாப்டர்களும் பிரைமர்களும் படத்தில் தெரியாமல்கூடப் போகலாம். வரிசைக்குழி ஃப்ளோ செல்களில் இவை ஒரு மாதிரியின் இண்டெக்ஸை (மாதிரியை அடையாளம் காட்டும் குறி வரிசை) இன்னொன்றின் மூலக்கூறுக்கு மாட்டிவிடும். இண்டெக்ஸ் தாவல் என்பது இதுதான். இரு முனையிலும் தனித்துவமான இண்டெக்ஸ் ஜோடி வைத்தால் தாவியவற்றைக் கணினியில் வடிகட்டலாம். எல்லா மாதிரியையும் ஒன்றாகக் கலந்து பூல் செய்தபின் மொத்தமாக ஒருமுறை 0.9 மடங்கு பீட் போட்டால் தாவுவதற்கான சரக்கே குறையும்.

அளப்பது

நானோடிராப்பை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். 260 நானோமீட்டரில் ஒளியை விழுங்கும் பிரைமர், ஒற்றை இழை, நியூக்ளியோடைடு எல்லாவற்றையும் அது டி.என்.ஏ என்றே எண்ணும். ஒளிரும் சாயத்தால் அளக்கும் கியூபிட்டின் உயர் உணர்திறன் இரட்டை இழைக் கிட் சரியான தொடக்கம். மாதிரியில் 1 மைக்ரோலிட்டருக்குப் பதில் 2 எடுங்கள், பைப்பெட் பிழை பாதியாகும். சாயத்தோடு 2 நிமிடம் இருக்கட்டும், டியூபில் குமிழ் கூடாது, கையில் பிடித்துச் சூடாக்கவும் கூடாது.

எடையை மூலக்கூறாக்க நீளம் வேண்டும். சூத்திரம் எளிது: ஒரு மைக்ரோலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற எண்ணைப் பத்து லட்சத்தால் பெருக்கி, 660ஆல் பெருக்கிய சராசரி நீளத்தால் வகுத்தால் நானோமோலார். 4.2 நானோகிராம், 420 பேஸ் என்றால் 15.2 நானோமோலார். இங்கே நீளம் என்பது அடாப்டரையும் சேர்த்தது. இன்சர்ட் 300 என்று போட்டுவிட்டால் விடை 21.2 ஆகிவிடும், 40 சதவீதம் அதிகம். சராசரியையும் முகட்டின் உச்சியையும் குழப்பிக்கொள்ளாமல், 150 முதல் 1000 பேஸ் வரை எல்லைகுறித்து அந்தப் பகுதியின் சராசரியை எடுங்கள்.

படத்தில் எதிர்பார்த்த முகட்டுக்கு வலப்பக்கம், இருமடங்கு நீளத்தின் அருகே, இன்னொரு மேடு தெரிந்தால் அது பெரும்பாலும் நீளமான டி.என்.ஏ இல்லை. பி.சி.ஆர் சுழற்சி அதிகமாகிப் பிரைமர் தீர்ந்துபோனபின், வெவ்வேறு மூலக்கூறுகளின் இழைகள் அடாப்டரில் மட்டும் ஒட்டி நடுவில் குமிழ்போல் பிரிந்து நிற்கின்றன. அது மெதுவாக ஓடுவதால் நீளமாகத் தெரிகிறது. நடுப்பகுதி ஒற்றை இழையானதால் கியூபிட் குறைத்துச் சொல்லும். புதிய பிரைமர் சேர்த்து ஒரே ஒரு சுழற்சி ஓட்டினால் சரியாகும். அடுத்த முறை இரண்டு சுழற்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கியூபிட்டுக்கு இரட்டை இழை என்றால் போதும், முனையில் அடாப்டர் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. சீக்வென்சர் பார்க்கும். அதே கேள்வியைக் கேட்கும் முறை கியூ-பி.சி.ஆர்: பி5, பி7 பிரைமர்கள் இரண்டும் பிடித்த மூலக்கூறு மட்டுமே பெருகும். லைப்ரரியை 10,000 மடங்கு நீர்க்க வேண்டும், ஒரே தாவலில் இல்லாமல் 100, மறுபடி 100 என்று, 0.05 சதவீதம் ட்வீன் 20 கலந்த ட்ரிஸ் பஃபரில். ட்வீன் இல்லாவிட்டால் இந்தச் செறிவில் டி.என்.ஏ பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிவிடும். மூன்று பிரதிகள். ஸ்டாண்டர்ட் கோட்டின் சரிவு மைனஸ் 3.1க்கும் மைனஸ் 3.6க்கும் இடையில் இருந்தால் நம்பலாம். காப்பா கிட்டின் ஸ்டாண்டர்ட் 452 பேஸ் நீளம், ஆகவே வந்த எண்ணை 452ஆல் பெருக்கி உங்கள் சராசரி நீளத்தால் வகுக்கவும். 0.9 பிகோமோலார் வந்தது, நீளம் 420, நீர்ப்பு 10,000 என்றால் விடை 9.7 நானோமோலார். மேலே கியூபிட் சொன்னது 15.2. இடையிலுள்ள மூன்றில் ஒரு பங்கு ஒரு முனையிலாவது அடாப்டர் இல்லாத, பயனற்ற சரக்கு. இந்த வித்தியாசம் எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் இருந்தால் சமநிலை கெடாது. பி.சி.ஆர் செய்யாத லைப்ரரிகளில் அது மாதிரிக்கு மாதிரி மாறும், அங்கே கியூ-பி.சி.ஆர் கட்டாயம்.

சமன்படுத்துவது

4 நானோமோலார் வேண்டும், கையில் 15.2 இருக்கிறது. 5 மைக்ரோலிட்டர் எடுத்தால் மொத்தம் 19 ஆக்க வேண்டும், பஃபர் 14. ஒரு மைக்ரோலிட்டருக்குக் கீழே எதையும் எடுக்காதீர்கள், முடிந்தால் 2க்குக் கீழேயும் வேண்டாம். 100 நானோமோலார் இருக்கும் மாதிரியை முதலில் 20க்கு இறக்கி, பிறகு 4க்கு. எல்லா மாதிரியையும் ஒரே செறிவுக்குக் கொண்டுவந்தபின் ஒவ்வொன்றிலும் 5 மைக்ரோலிட்டர் பூலில் சேர்ப்பது, செறிவுக்கு ஏற்ப வேறுவேறு அளவு சேர்ப்பதைவிடப் பிழை குறைந்த வழி. எல்லாக் குழிக்கும் பைப்பெட் ஒரே மாதிரி தவறும், அது நமக்குச் சாதகம்.

2 நானோமோலார்கூடத் தேறாத மாதிரி ஒன்றிரண்டு இருக்கும். அவற்றுக்காக மொத்தப் பூலையும் 2க்கு இறக்குவது வீண். மூலம் மிச்சம் இருந்தால் மறுபடி தயாரிக்கலாம். இல்லாவிட்டால் இருப்பதை முழுதாக ஊற்றி, குறைந்த ரீடுகளை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். சராசரி நீளம் 300 உள்ளதையும் 700 உள்ளதையும் ஒரே பூலில் போடாமல் இருப்பது நல்லது. சம மூலக்கூறு போட்டாலும் குட்டையானது முந்திக்கொள்ளும்.

அளக்காமலே சமன்படுத்தும் வழியும் உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிடிக்க முடியாத பரப்பில் தேவைக்கு மிஞ்சிய டி.என்.ஏவை ஊற்றினால் எல்லாக் குழியிலும் ஒரே அளவு தங்கும். சீக்குவல்பிரெப் தட்டில் ஒரு குழி சுமார் 25 நானோகிராம் பிடிக்கும், அதற்கு 250 நானோகிராமாவது ஊற்ற வேண்டும். ஆம்ப்ளிகான் (பி.சி.ஆரில் பெருக்கிய துண்டு) தட்டுகளுக்கு அருமையான முறை. அது சமமாக்குவது எடையை என்பதால், எல்லா ஆம்ப்ளிகானும் ஒரே நீளமாக இருக்கும்போதுதான் பொருந்தும். நெக்ஸ்டெரா எக்ஸ்டியின் நார்மலைசேஷன் பீடுக்கு லைப்ரரி 10 முதல் 15 நானோமோலாராவது இருக்க வேண்டும். பரப்பு நிரம்பாவிட்டால் சமமாகாது, குறைந்தது குறைந்ததாகவே வெளிவரும். எல்யூஷன் சோடியம் ஹைட்ராக்சைடில் நடப்பதால் கிடைப்பது ஒற்றை இழை, கியூபிட்டின் இரட்டை இழைக் கிட்டில் வைத்துவிட்டு "ஒன்றும் இல்லையே" என்று பதற வேண்டாம்.

இழை பிரித்து ஏற்றுவது

இல்லுமினாவின் மைசெக் இயந்திரத்துக்கு: 4 நானோமோலார் பூலில் 5 மைக்ரோலிட்டர், 0.2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் 5 மைக்ரோலிட்டர், கலக்கி 5 நிமிடம் அறை வெப்பத்தில். குளிர்ந்த எச்டி1 பஃபர் (லைப்ரரியை நீர்க்கும் கரைசல்) 990 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 20 பிகோமோலார். காரம் அன்றைக்கு நீர்த்ததாக இருக்கட்டும், 1 நார்மலில் 200 மைக்ரோலிட்டர், தண்ணீர் 800. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வலுவிழந்த காரம் இழையை முழுதாகப் பிரிக்காது, கிளஸ்டர் குறையும். காரத்தைக் கூட்டிப்போட்டாலும் கிளஸ்டர் குறையும்: இறுதியில் 1 மில்லிமோலாருக்கு மேல் மிஞ்சினால் லைப்ரரி ஃப்ளோ செல்லில் ஒட்டாது. இரண்டு தவறுக்கும் அறிகுறி ஒன்றே என்பதால், குறைந்த கிளஸ்டரைக் கண்டதும் லோடிங் செறிவை ஏற்றுவதற்கு முன் காரத்தைச் சரிபாருங்கள். ஒரே ஆம்ப்ளிகான் போன்ற பன்மை குறைந்த பூலுக்கு பைஎக்ஸ் (கூடவே ஓட்டும் கட்டுப்பாட்டு லைப்ரரி) 5 முதல் 20 சதவீதம், சாதாரணப் பூலுக்கு 1 சதவீதம் போதும்.

மாதிரிகள் நிறைய, பெரிய ஓட்டத்தின் செலவும் பெரிது என்றால், அதே பூலை முதலில் மைசெக் நானோ கிட்டில் ஓட்டுங்கள். சுமார் 10 லட்சம் ரீடுகள் வரும், இண்டெக்ஸ் பங்கீட்டைப் பார்க்க அது ஏராளம். எந்த அளவீட்டையும்விட இதுவே உண்மைக்கு அருகில் இருக்கும், ஏனென்றால் அளப்பது சீக்வென்சரேதான். ஆனால் இரு இயந்திரங்களின் கிளஸ்டர் முறை வேறானால் நீளச் சார்பும் சற்று மாறும் என்பதை மனதில் வையுங்கள். 2 மைக்ரோலிட்டர் சேர்த்த மாதிரி 1.2 சதவீத ரீடு தந்தது, வேண்டியது 2 சதவீதம் என்றால், 2ஐ 2.0ஆல் பெருக்கி 1.2ஆல் வகுத்து 3.3 மைக்ரோலிட்டர். பழைய பூலின் மேலேயே ஊற்றித் திருத்தாமல், தனி லைப்ரரிகளிலிருந்து புதிதாகப் பூல் செய்யுங்கள். அதற்காகவே ஒவ்வொன்றிலும் 10 மைக்ரோலிட்டராவது மிச்சம் வைத்து, டி.என்.ஏ ஒட்டாத வகை டியூபில் மைனஸ் 20இல் வைத்திருக்க வேண்டும்.